தவணை கேட்பதும் கடமையே



கடனைக் கட்ட முடியாதவனுக்கு அதற்குமேல் ஏதும் கடமை உண்டா? அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கும் நம் குடும்பங்களில் இக்கேள்வி எழுமுன்னே வெட்கம் எழுந்துவிடுகிறது. வேலை போய் இரண்டு மாதத் தவணை நின்றதும், கடனை வசூலித்து நிர்வகிக்கும் 'சர்வீசர்' கம்பெனியிலிருந்து வரும் உறைகளைப் பிரிக்காமலே மேஜைக்குள் போட்டு மூடும் தகப்பன்மார் உண்டு. மனைவிக்கும் தெரியாது. ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் போகும் பணம் மட்டும் நிற்பதில்லை!

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்தார். உடனே திருப்பிக் கொடுக்க இயலாதவனை அந்த இயலாமையே அப்போதைக்கு விடுவிக்கிறது என்கிறார். ஆனால் அத்துடன் விடவில்லை. அவன் தானாகவோ பிறர் மூலமாகவோ, கொடுக்க வேண்டியவரிடம் தள்ளுபடியோ தவணையோ கேட்கக் கடமைப்பட்டவன் என்றும் சேர்க்கிறார். ஆகவே கேட்பது பிச்சையல்ல. கொடுக்க வேண்டியதை இன்னும் ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்று அந்தக் கேட்டல் காகிதங்களாக நடக்கிறது. விண்ணப்பப் படிவம், சம்பளச் சீட்டு, பாங்குக் கணக்கு நகல், வருமான வரிப் படிவம், கஷ்டம் எதனால், எப்போது தொடங்கியது என்று விளக்கும் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கடிதம் நீளமாயிருக்க வேண்டியதில்லை. கஷ்டம் தற்காலிகமா நிரந்தரமா, இப்போது எவ்வளவு கட்ட முடியும் என்பவை தெளிவாயிருந்தால் போதும்.

மனச்சாட்சிக்குச் சோதனை இங்கேதான். சனி ஞாயிறுகளில் ரொக்கமாய் வாங்கும் கூலியைச் சொல்லாமல் விட்டால் இரக்கம் கூடுமே என்று ஒருவர் நினைக்கிறார். இன்னொருவர் மானத்துக்கு அஞ்சி வருமானத்தைக் கூட்டிக் காட்டுகிறார். வருமானம் மிகக் குறைந்தால், புதிய தவணையையும் தாங்கமாட்டார் என்று விண்ணப்பம் தள்ளப்படலாம். கூடினால், கட்டவே முடியாத தவணை வந்து சேரும். நஷ்டம் ஒருபுறமிருக்க, கையெழுத்திட்டபின் அது பொய்ச் சாட்சியமாகிறது. தெரிந்தே அப்படிச் செய்வது நாட்டுச் சட்டத்திலும் குற்றமாகலாம்.

"அந்தக் கம்பெனிகள் மட்டும் யோக்கியமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. வீடுகளை ஏலத்துக்குக் கொண்டுவரும் பிரமாணப் பத்திரங்களில், ஊழியர்கள் படித்தும் பாராமல் கையெழுத்திட்டுத் தள்ளியது 2010-இல் வெளியாயிற்று. 2012-இல் ஐந்து பெரிய கம்பெனிகள், மத்திய அரசுடனும் 49 மாநிலங்களுடனும் சுமார் 2,500 கோடி டாலருக்கு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. பொய்க் கையெழுத்தால் வீடிழந்த குடும்பங்களின் பெயரால் நாமும் பொய்க் கையெழுத்துப் போடுவது என்ன தர்க்கமோ, எனக்குப் புரியவில்லை.

அதற்குப்பின் வந்த விதிகள் கடனாளிக்கு அனுகூலமானவை. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி, குடியிருக்கும் வீட்டின் தவணை 120 நாட்களுக்குமேல் தவறும்வரை, பொதுவாக ஏல நடவடிக்கையைத் தொடங்கலாகாது. முழு விண்ணப்பம் ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்குமேல் முன்னதாகக் கிடைத்தால், பெரும்பாலான கம்பெனிகள் 30 நாட்களில் பரிசீலித்து எழுத்துமூலம் பதில் தர வேண்டும். 'முழு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு சீட்டுக் குறைந்தாலும் நாட்கள் வீணாகும். மேஜைக்குள் கிடக்கும் உறையில்தான் ஒருவேளை கடைசித் தேதி இருக்கிறது. அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் நகலும், பேசியவர் பெயரும் தேதியும் குறித்து வைத்திருங்கள்.

அக்குவினாஸ் 'பிறர் மூலமாக' என்றாரல்லவா? மத்திய வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள், வீடு பறிபோகாதபடி காக்கும் இவ்வேலையில் கட்டணமின்றி உதவுகிறார்கள். முன்பணம் கேட்டுக் கதவைத் தட்டுகிறவர் வேறு ஆள். அவருக்கு உங்கள் காகிதங்களில் ஒன்றையும் காட்டாதீர்கள். மனைவிக்கு இன்றிரவே எல்லாவற்றையும் காட்டுங்கள்.