பதில் என்னும் கடன்

ஏப்ரல் பிறக்கும் முன்பே ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலும் குன்னூர் பெட்ஃபோர்டிலும் கடைக் கண்ணாடிகளில் ‘சேல்ஸுக்கு ஆட்கள் தேவை’ என்ற தாள் ஏறிவிடும். சாக்லேட், தேயிலைத்தூள், தைலம், வர்க்கி, ஸ்வெட்டர் விற்கும் கடைகளுக்கு மே மாத மலர்க் காட்சிக்குள் ஆள் சேர்ந்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போ பட்டப்படிப்போ முடித்தவர்கள் பயோடேட்டா, ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோவுடன் வருகிறார்கள். உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, இந்தி பேசுவீர்களா, மலையாளம் புரியுமா என்று கேட்பார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ‘நம்பர் எழுதிட்டுப் போங்க, சொல்லி அனுப்புறோம்’ என்பது கடைசி வாக்கியம். வேலை கிடைத்தவருக்குப் போன் வருகிறது. கிடைக்காதவருக்குப் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. வேலை கொடுக்க முடியாதவர் ‘இல்லை’ என்ற பதிலையாவது கொடுக்கக் கடமைப்பட்டவரா? இதை வெறும் நாகரிகமாக, செய்தால் நல்லது என்ற அளவில் பார்ப்பவர்கள் அதிகம். இது அறத்தைச் சேர்ந்த கேள்வி என்றும், பதில் சொல்லாமல் விடுவது ஒருவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது என்றும் நான் நினைக்கிறேன்.

மௌனத்துக்கு விலை உண்டு. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. மஞ்சூரிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் வருபவருக்கு நேர்காணல் என்றால் ஒரு முழு நாள், ஒரு நாள் கூலி, போக வர பஸ் காசு. அதைவிடப் பெரிய செலவு அதற்குப் பின் வருகிறது. சொல்லி அனுப்புவார்கள் என்று நம்பியிருப்பவர் தேயிலை பாக்டரியில் கிடைக்கும் பேக்கிங் வேலைக்குச் சரி என்று சொல்லத் தயங்குவார். சீசனே இரண்டு மாதம். அதில் இரண்டு வாரம் காத்திருப்பில் போனால் கால்பங்கு போய்விட்டது. இப்படிக் காத்திருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்ட பிறகு, படித்தவருக்கு இந்த மலையில் பெரிய ஆலை வேலை அரிதாகிவிட்டது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களே பிறகு டேன்டீ என்ற அரசு நிறுவனமாயின. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு, மழையில் நனையாமல் செய்யக்கூடிய முதல் வேலை கடைக் கவுண்டர்தான்.

திருக்குறளில் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒருவரை எப்படிச் சோதிப்பது, எதைக் கொண்டு நம்புவது, நம்பிய பின் ஏன் சந்தேகப்படக் கூடாது என்றெல்லாம் வள்ளுவர் சொல்கிறார். தேர்வு பெறாதவரைப் பற்றி அந்த இருபது குறளிலும் பேச்சில்லை. அங்கே கவலை முழுவதும் அரசனின் தேவை. நம் கேள்விக்கு வெளிச்சம் இரவச்சம் என்ற அதிகாரத்தில் கிடைக்கிறது. தன் உழைப்பால் வந்தது தெளிந்த கூழே ஆனாலும் அதைப்போல் இனியது வேறில்லை என்ற கருத்தை, பிறரிடம் கையேந்த அஞ்சுவதைப் பேசும் அந்த இடத்தில்தான் அவர் வைத்திருக்கிறார். உழைப்பு ஒரு பக்கம், இரத்தல் மறுபக்கம். வேலை கேட்டு வருபவர் உழைப்பின் பக்கம் நிற்பவர். என் பத்து மணி நேரத்தைத் தருகிறேன், நீ கூலி தா என்று பேச வந்தவர். முதல் நாள் கவுண்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சமம். பத்து நாள் கழித்து அதே கடைக்குப் போன் போட்டு, ‘அண்ணா, அன்னைக்கு இன்டர்வியூக்கு வந்துட்டுப் போனேனே, ஏதாச்சும் முடிவாச்சுங்களா?’ என்று கேட்கும் பெண் அந்தச் சமத்தை இழந்துவிட்டாள். இரண்டாவது முறை கேட்பதில் குரல் தானே தாழ்கிறது. நேர்காணலுக்குப் பின் நீங்களே தொடர்புகொண்டு ஆர்வத்தைக் காட்டுங்கள் என்று வேலைவாய்ப்பு ஆலோசனை தருபவர்கள் சொல்கிறார்கள். அதனால் சிலருக்கு வேலையும் கிடைக்கலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவரின் கடமையைக் கேட்டவரின் தலையில் அது ஏற்றிவைக்கிறது. உழைப்பை விற்க வந்தவரை இரப்பவராக மாற்றுவதுதான் இந்த மௌனம் செய்யும் தீங்கு.

இதே மலையின் பழைய வேலைமுறை ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கும். பேர் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க, யாருக்கு எந்த மலை, யாருக்கு இன்று வேலை இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணத்தால் குடும்பங்களைக் கட்டிப்போட்ட கொடுமை இந்த முறைக்குள்தான் இருந்தது. அதைப் புகழ ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை கடுமையான இடத்திலும் வேலை இல்லை என்பது சூரியன் ஏறும் முன் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது. வேறு வழி தேட அந்த நாள் மிச்சமிருந்தது.

முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்வது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது, பேசாமல் விட்டால் தானே புரிந்துகொள்வார்கள், அதுதான் இரக்கம் என்பது ஒரு மறுப்பு. இதை லேசாகத் தள்ள முடியாது. இரப்பவரிடம் இல்லை என்பவரை வள்ளுவரே கடுமையாகச் சாடுகிறார். ஆனால் அவர் சாடுவது கையில் இருப்பதை மறைத்து இல்லை என்பவரை. முடிவெடுத்த கடைக்காரரின் கையில் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வைத்திருப்பவர்தான் அந்தச் சாடலுக்கு நெருக்கமாக நிற்கிறார். இரக்கம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சொல்பவர் தன் சங்கடத்தைத் தவிர்த்துக்கொள்வதுதான். வேறு வேதங்களும் இந்தப் பக்கம் சாய்கின்றன. தேடி வந்த பார்வையற்ற ஒருவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டித்தே திருக்குர்ஆனின் 80-ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்டக்காரர், யாரும் வேலைக்கு எடுக்காமல் மாலைவரை சந்தையில் நின்றவர்களிடம் போய், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர் கொடுத்த கூலியைப் பற்றியே பிரசங்கங்கள் பேசுகின்றன. அந்தக் கேள்வியும் எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுகிறது.

‘கிடைக்கணும்னு இருந்தா கிடைக்கும்’ என்பது இன்னொரு மறுப்பு. நம்மிடையே இதுதான் ஆழமாக வேரோடியது. ஊழை நம்பும் மரபை நான் பழிக்கவில்லை. வேலை கிடைக்காத பிள்ளைக்கு ஒரு தாய் அதைச் சொல்லும்போது அது ஆறுதல். அதையே பதில் தர வேண்டிய கடைக்காரர் சொன்னால், தான் செய்யாமல் விட்டதை விதியின் கணக்கில் எழுதுகிறார் என்று அர்த்தம். ஊழ் என்பது துன்பத்தைத் தாங்குபவருக்கு உரிய சொல். துன்பம் தருபவர் அதைக் கடன் வாங்க முடியாது. வினைக்குப் பயன் உண்டு என்று நம்புகிறவருக்குச் சொல்லாமல் விட்டதும் ஒரு வினைதானே.

நடைமுறை மறுப்புகளில் ஒன்று நியாயமானது. எத்தனை பேர் தேவை என்பது கடைக்காரருக்கே தெரியாது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பும் வந்தது. வியாபாரம் எப்படிப் போகும் என்று தெரியாதவர் உறுதியாக எதைச் சொல்வார்? தெரியாது என்பதையே சொல்லலாம். ‘பதினைஞ்சாம் தேதிக்குள்ள போன் வரலைன்னா வேற இடம் பாத்துக்கங்க’ என்றால் காத்திருப்புக்கு ஒரு எல்லை கிடைத்துவிடுகிறது. அதற்குச் செலவு ஏதுமில்லை. பதில் சொல்வதை யாரும் கட்டாயமாக்க முடியாது என்ற மறுப்பும் இனி செல்லாது. தமிழர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வெளிப்படையாக விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் செய்தால், 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் 1959-ஆம் ஆண்டுக் காலியிட அறிவிப்புச் சட்டம் மூன்று மாதத்துக்குக் குறைவான வேலைகளைத் தொடவே இல்லை. சீசன் வேலை அதற்கு வெளியே நின்றது. நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் செய்தது. அது உள்ளே சேர்ந்தவருக்கு. வாசலில் நிற்பவரைப் பற்றி நம் சட்டம் இன்னும் யோசிக்கவில்லை.

சொந்தக் கடையில் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பமில்லை; கல்லாவில் இருப்பவர். பல ஊர்களில் கிளை உள்ள கடைகளில்தான் சிக்கல். நேர்காணல் செய்வது கிளை சூப்பர்வைசர், முடிவெடுப்பது கீழே சமவெளியில் இருக்கும் தலைமை அலுவலகம். ‘மேலிடத்துல இருந்து இன்னும் வரலை’ என்று சூப்பர்வைசர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வந்தவரின் முகத்தைப் பார்த்தவர், அவர் எந்த ஊரிலிருந்து எத்தனை மணி பஸ் பிடித்து வந்தார் என்று கேட்டவர், அவர் ஒருவர்தான். நேரில் கேட்டவரே நேரில் கடன்பட்டவர். ஆகவே வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை நிறுவனம் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத நிறுவனத்தில், முடிவு எந்த நாளுக்குள் வரும் என்று தலைமை அலுவலகத்திடம் கேட்டு, அந்தத் தேதியைப் பயோடேட்டா வாங்கும்போதே சொல்லிவிடுவது அந்த சூப்பர்வைசரால் முடியக்கூடியதுதான்.