கூச்சத்தை விடு, தங்கச்சி!

ஓசூர் சிப்காட்டில் வாட்ச் கோர்க்கிறாய். திம்ஜேப்பள்ளியில் செல்போன் பாகம் செய்கிறாய். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் பூட்டுகிறாய். மயிரிழைப் பிசகும் உன் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள், மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனதை மட்டும் ஏன் மூடி மறைக்கிறாய்? "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று ஊர் கேட்டால் ஏன் தலைகுனிகிறாய்? நீ என்ன குற்றம் செய்தாய்?

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள். காயமோ கிருமியோ வந்தால் உடம்பு மூட்டும் நெருப்புதான் அழற்சி. மாதந்தோறும் சினைப்பையைப் பிளந்து முட்டை வெளிவருவதற்கும் அந்த நெருப்பு வேண்டும். வேலை முடிந்ததும் அணைந்துவிடும். அணையாமல் கனன்றுகொண்டே இருந்தால்தான் ஆபத்து. தூக்கம் கெட்ட நைட் ஷிப்டும் வயிற்றில் சேரும் கொழுப்பும் அதற்கு எண்ணெய் வார்க்கும். அப்போது இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது. ரத்தத்தில் இன்சுலின் ஏறும். சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். முட்டை பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று பெரும்பாலும் தெரிவது, அப்படி நின்றுபோன முட்டைப்பைகள்தான். கட்டி என்றதும் கலங்காதே!

நீ தனி ஆள் இல்லை. கருவுறும் வயதுப் பெண்களில் 100-க்கு 6 முதல் 13 பேருக்கு இந்த நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டு. அவர்களில் 70 சதவீதம் வரை அதை அறியாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எழ முடியாத அளவுக்கு மாதவிலக்கு வலியா? அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். அதுவும் அழற்சி நோய்தான், சுமார் பத்தில் ஒரு பெண்ணுக்கு வருவது. 2019-ல் தமிழகத்து ஆயத்த ஆடை ஆலைகளில், மாதவிலக்கு வலிக்குப் பெயரே ஒட்டாத மாத்திரைகள் தரப்பட்ட செய்தி வெளிவந்தது. பெயர் தெரியாததை விழுங்கிவிட்டு லைனுக்குத் திரும்பாதே. என்ன மாத்திரை என்று கேள்!

இஎஸ்ஐ கார்டு இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது. கடைசி மாதவிலக்குத் தேதியைச் சொல். குழந்தைக்குக் காத்திருந்தால் கணவரையும் கூட்டிப் போ. குறை அவரிடமும் இருக்கலாம், பரிசோதனை இருவருக்கும்தான். எடை கூடுதலாக இருந்தால், அதில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை மறுபடி வெளியேறத் தொடங்கும். கேழ்வரகுக் களியும் கொள்ளும் கீரையும் உன் ஊர்ச் சாப்பாடுதானே? பேக்கரி பப்ஸை விட்டு அதற்குத் திரும்பு. நைட் ஷிப்ட் முடிந்தால் ஜன்னலை இருட்டாக்கித் தூங்கு.

குழந்தை வேண்டுமா, எப்போது வேண்டும் என்பது உன் முடிவு. அந்த முடிவுக்குத் துணை நிற்க மருத்துவம் இருக்கிறது. வருகிற வார விடுமுறையிலேயே புறப்படு!