விலைக்கு வாங்கிய ஐயம்

புவி வெப்பமாவதற்கு மனிதர் காரணமா, இயற்கை காரணமா என்ற கேள்வி ஒரு காலத்தில் நேர்மையான கேள்வியாகத்தான் இருந்தது. காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் வெப்பம் எவ்வளவு கூடும் என்று 1896இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரேனியஸ் கணக்கிட்டுச் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. மிகுதி வாயுவைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள். தடுக்கக்கூடிய வெப்பத்தையெல்லாம் நீராவியே தடுத்துவிடுகிறது என்றார்கள். அந்த மறுப்புகள் பிழையென்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் அவர்கள் தாங்கள் நம்பியதைச் சொன்னார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுடைய ஐயம்தான் அளந்து பார்க்கத் தூண்டியது. 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்குகளும் சூடேற வேண்டும், அவையோ குளிர்ந்துகொண்டிருக்கின்றன. கரியமில வாயு மிகுந்தால் அப்படித்தான் நடக்கும். எரிமலைகள் கக்கும் கரியமில வாயு, மனிதர் வெளியேற்றுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் எது என்ற வழக்கு முடிந்துவிட்டது. முடியாமல் நிற்பது வேறொரு வழக்கு: விடை தெரிந்தவர்கள் தெரியாததுபோல் பேசினால், அது எத்தகைய குற்றம்?

அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் மேலாளர்களுக்கு 1977இலேயே அதன் அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக், எரிபொருளின் கரியமில வாயு பூமியைச் சூடாக்குவதை விளக்கிச் சொன்னார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறும் என்று கணித்தார்கள். அந்தக் கணிப்புகளை நடந்ததோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. ஆனால் 1997இல் அதே நிறுவனத்தின் தலைவர் லீ ரேமண்ட், பெய்ஜிங்கில் கூடிய உலக பெட்ரோலிய மாநாட்டில், இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட பூமி குளிர்ந்திருக்கிறது என்று பேசினார்.

இதைவிட வேதனையானது இன்னொன்று. எண்ணெய், நிலக்கரி, வாகன நிறுவனங்கள் 1989இல் சேர்ந்து அமைத்த உலகத் தட்பவெப்பக் கூட்டணி, 1995இல் தன் சொந்த வல்லுநர்களிடம் ஓர் அறிக்கை எழுதி வாங்கியது. பசுங்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை மறுக்க முடியாதது என்று அவர்கள் எழுதினார்கள். மாற்றுக் கருத்து சொல்வோரின் வாதங்கள் ஏன் நிற்கவில்லை என்றும் ஒரு பகுதி எழுதினார்கள். அறிக்கை வெளியானபோது அந்தப் பகுதி நீக்கப்பட்டிருந்தது. வெளியிலோ கூட்டணி அதே மாற்றுக் கருத்துகளைப் பரப்பிக்கொண்டிருந்தது.

இந்த நிறுவனங்களின் தரப்பில் சொல்லத்தக்க நியாயம் ஒன்று உண்டு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கானவர்களுக்கு வேலையும் வெளிச்சமும் தந்தவை. ஏழை நாடுகளுக்கு மலிவான எரிபொருள் வேண்டும் என்று ரேமண்டும் அந்த பெய்ஜிங் மேடையில் வாதிட்டார். கனமான வாதம்தான். அப்படியானால் அதை நேராகவே சொல்லியிருக்கலாம்: ஆம், பூமி சூடாகிறது, எங்கள் எரிபொருளும் காரணம், இதை விட்டால் இன்னின்ன இழப்பு, நீங்களே எடை போட்டு முடிவு செய்யுங்கள் என்று. மக்கள் அப்போதும் எரிபொருளையே தேர்ந்திருக்கக்கூடும். ஆனால் தேர்ந்தது அவர்களாக இருந்திருப்பார்கள். பொய் சொன்னது குற்றத்தின் ஒரு பாதிதான். வங்கதேசத்துக் கரையோரத்து உழவரும் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளியும் பங்கேற்றிருக்க வேண்டிய ஒரு முடிவை, அவர்களுக்குத் தெரியாமலே சில அலுவலக அறைகளில் எடுத்துவிட்டதுதான் பெரும்பாதி. அந்தச் சுரங்கத் தொழிலாளி இன்று வெப்பமாதலை நம்பாவிட்டால் அவரை ஏளனம் செய்வது கொடுமை. அவர் ஐயத்தைத் தாமாகத் தேடிப் போகவில்லை; அது பணம் செலவழித்து அவர் வீட்டு வாசலுக்கு அனுப்பப்பட்டது.

நேர்மையான ஐயம் எப்படியிருக்கும் என்பதற்கு கலிபோர்னியா இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர் சான்று. வெப்பநிலைப் பதிவுகளில் கோளாறு இருப்பதாக அவர் கருதினார். எண்ணெய்த் தொழில் அதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளை தந்த நிதியும் சேர, பதிவுகளை முதலிலிருந்து ஆராய்ந்தார். 2012இல், வெப்பமாதல் உண்மை, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதரே என்று எழுதினார். பணம் எங்கிருந்து வந்தது என்பது ஐயத்தின் தரத்தைத் தீர்மானிக்கவில்லை. விடை எதிராக வந்தால் ஏற்பாரா என்பதே தீர்மானித்தது.

அதே அளவுகோலை மறுபக்கத்துக்கும் வைக்க வேண்டும். வெப்பமாதலை 1.5 டிகிரிக்குள் நிறுத்த 2030க்குள் உமிழ்வை ஏறக்குறையப் பாதியளவுக்குக் குறைக்க வேண்டும் என்று 2018இல் ஐ.நா. வல்லுநர் குழு சொன்னதை, பன்னிரண்டு ஆண்டில் உலகம் அழியும் என்று மாற்றிப் பரப்பியவர்கள் உண்டு. நல்ல நோக்கம் அந்த மிகைக்கு அனுமதி தராது. கேட்பவரின் எடைபோடும் உரிமையை அதுவும் பறிக்கிறது. ஆனாலும் இரண்டையும் சமமாக்குவது அநியாயம்: ஒன்று அறிந்ததைப் பெரிதாக்கியது, மற்றது அறிந்ததையே மறைத்தது.

2023 ஜூலை வெள்ளத்தில் தலைநகரின் மையப்பகுதியே மூழ்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், 1995 முதல் 2024 வரையிலான உமிழ்வுக்குப் பெரிய எரிபொருள் நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும் என்று 2024இல் சட்டம் இயற்றியது. யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை; எவ்வளவு உமிழ்வு என்று மட்டும் கேட்கிறது. சட்டத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். அறம் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். ஒரே அளவு எண்ணெய் விற்ற இரு நிறுவனங்களில், தன் வல்லுநர் எழுதிய பக்கங்களை நீக்கிவிட்டு விற்ற நிறுவனம் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கூடுதலை எந்த நீதிமன்றமும் இன்னும் கணக்கிடவில்லை.