மௌனம் யாரைக் காக்கிறது?

தாய் தந்தையருக்கு அடுத்த நிலையில் ஆசிரியரை வைத்துப் போற்றுவது தமிழர் மரபு. அந்த நம்பிக்கையால்தான் பெற்றோர் நாள்தோறும் தம் பிள்ளையைப் பள்ளி வாயிலில் விட்டுவிட்டு மன அமைதியோடு வேலைக்குச் செல்கின்றனர். ஆயின், இம்மதிப்பே தீயவன் ஒருவனுக்குத் திரையாகவும் அமைந்துவிடக்கூடும். ஆசிரியர் சொல்லைத் தட்டாதே என்று மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, அவர்களுள் ஒருவர் தகாத முறையில் தன்னைத் தீண்டும்போது அதை எங்ஙனம் மறுக்கும்? யாரிடம் கூறும்?

இத்தகைய கொடுமை வெளிப்படும்போது, “பள்ளியின் பெயர் கெட்டுவிடும், பிள்ளையின் எதிர்காலம் பாழாகும், அமைதியாக முடித்துக் கொள்ளலாம்” என்னும் குரல்கள் எழுவதுண்டு. தோட்டப்புற மக்கள் தம் உழைப்பால் பேணி வளர்த்த தமிழ்ப்பள்ளிகளின் நற்பெயரைக் காக்க விழைவது இயல்பே. எனினும், பள்ளி குழந்தைக்காக ஏற்பட்டதேயன்றிக் குழந்தை பள்ளிக்காகப் பிறந்ததன்று. குழந்தையைக் கைவிட்டுக் காக்கப்படும் பெயர் நற்பெயர் ஆகாது. குற்றம் சாட்டப்பட்டவரை ஓசையின்றி வேறிடத்துக்கு மாற்றுவதும் தீர்வன்று. அஃது ஏதுமறியாத வேறு குழந்தைகளிடம் அவரை அனுப்புவதாகும்.

“பழி பொய்யாயின் ஒருவர் வாழ்வு அழியுமே” என்பர் சிலர். இது புறக்கணிக்கத்தக்க அச்சமன்று. ஆனால், புகாரைத் தெரிவிப்பது வேறு. தீர்ப்பு வழங்குவது வேறு. உண்மையை ஆராய்வது காவல் துறையின் கடன். முடிவு கூறுவது நீதிமன்றத்தின் கடன். புகாரை மறைப்பவரோ, விசாரணை ஏதுமின்றிக் குழந்தைக்கு எதிராகத் தாமே தீர்ப்பளித்து விடுகிறார்.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிறுவர்க்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் இவ்வறத்தையே விதியாக்கியது. அதன்படி 18 வயதுக்குட்பட்ட யாவரும் சிறுவரே. ஆசிரியர் போன்று நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் குற்றமிழைத்தால், உரிய தண்டனையோடு 5 ஆண்டு வரை கூடுதல் சிறைத்தண்டனையும் பிரம்படியும் உண்டு. குற்றத்தை அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். வேறு சான்று இல்லையெனினும், குழந்தையின் சாட்சியத்தைக் கொண்டே குற்றத்தை உறுதி செய்ய நீதிமன்றத்திற்கு அச்சட்டம் இடமளித்தது. நீதிமன்றமே செவிமடுக்கும் குழந்தையின் சொல்லை ஆசிரியர் அறை தள்ளிவிடலாமா?

ஆயினும், சட்டம் குற்றம் நிகழ்ந்த பின்னரே பெரும்பாலும் வருகிறது. முன்னரே வரவேண்டியது கல்வி. உன் உடல் உனக்குரியது. பெரியவரை மதிப்பது அவர் செய்யும் தவற்றை மறைப்பதன்று. நடந்ததைச் சொல்வதால் உன்மீது பழியில்லை என்பனவற்றைத் தொடக்கப்பள்ளியிலேயே எளிய சொற்களால் கற்பிக்க வேண்டும். அதற்கு ஈடாக, குழந்தை தயங்கித் தயங்கிக் கூறுவதை அதட்டாமலும், பலர் முன்னிலையில் திரும்பத் திரும்பக் கேட்டு வருத்தாமலும் செவிமடுக்கும் பண்பு ஆசிரியரிடம் வளரவேண்டும். அங்ஙனம் கேட்டு, உரியவரிடம் உடனே தெரிவிக்கும் ஆசிரியரே தமிழ் மரபு அளித்த உயர்ந்த இடத்திற்கு உரியவராவார்.