பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

புதுச்சேரிப் பகுதியில் உள்ள எங்கள் பாகூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் பையோடு நின்றால் மூன்று கேள்விகள் வரும். எங்கே? யார் வீட்டுக்கு? கூட யாரு? முதல் இரண்டுக்கும் என்ன பதில் சொன்னாலும் விட்டுவிடுவார்கள். மூன்றாவதற்கு "யாருமில்லை" என்றால்தான் வினை. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தப் பார்வையைக் கண்டுகொள்ளாமல் நிறைய ஊர் சுற்றினேன்.

தனியாகப் போவதில் ருசி இருக்கிறது. அதை இன்றும் மறுக்க மாட்டேன். பிடித்த இடத்தில் இறங்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்துண்டுகளைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டார். அவரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒற்றை ஆளாகக் கிளம்புவதுதான் அசல் பயணம் என்று ஓர் எண்ணம் படிந்துவிடுகிறது. எனக்கும் படிந்திருந்தது.

ஆனால் தனியாகப் போகும்போது தனிமை எங்கே கிடைக்கிறது? கழிப்பறைக்குப் போனால் பையும் கூடவே வரும். ஈரத் தரையில் அதை எங்கே வைப்பது என்பதே பெரிய யோசனை. சிற்பத்தைப் பார்க்கும்போதும் மனசு கடைசி பஸ் நேரத்தில் நிற்கும். ஒரு கோயில் ஊரில் லாட்ஜ்காரர் என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூட வர்றவங்க பின்னாடி வர்றாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அறை இல்லை என்றார். அன்று அந்த ஊரில் தூண்களைவிட அறைக் கதவுகளைத்தான் அதிகம் பார்த்தேன். கூட ஆள் இல்லாதவளுக்குக் காவல் வேலையும் தன்னுடையதே. அந்த வேலைக்கு லீவே கிடையாது.

இதற்கு மாற்று பேருந்துச் சுற்றுலா என்றால் அதுவும் சரிப்படவில்லை. 1841-ல் தாமஸ் குக் இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் ஐந்நூறு பேரை ரயிலில் அழைத்துப் போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன அந்தப் பயணத்திலிருந்துதான் இன்றைய 'பேக்கேஜ்' சுற்றுலாவின் கதையைத் தொடங்குகிறார்கள். நம் ஊர்ப் பக்கம் அது நாற்பது சீட் பேருந்து, விடிய விடிய பாட்டு, ஒன்பது கோயில், ஒவ்வொன்றிலும் "பதினைஞ்சு நிமிஷம்தான், சீக்கிரம்!" என்று ஆகிவிட்டது. அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு ஓடலாம், திரும்பி ஓடிவரலாம். அவ்வளவுதான்.

சிறு குழுவாகப் போவது ஊருக்குப் புதிதல்ல. மாலை போட்ட எட்டுப் பத்துப் பேர் ஒரு குருசாமியின் பின்னால் சபரிமலைக்குப் போய்த்தான் வருகிறார்கள். யாருக்கு முட்டி வலி, யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் குருசாமிக்கு அத்துப்படி. சாமி இல்லாமல் வெறுமனே ஊர் பார்க்க அப்படிப் போகலாம் என்பதுதான் எங்களுக்குத் தோன்றாமல் இருந்தது.

எங்கள் குழு பாகூர் மூலநாதர் கோயிலில் சேர்ந்தது. மாலை நடைக்கு அங்கே வருகிறவர்கள்தான்: ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், தபால் துறையில் இருந்தவர், அவர் மனைவி, கல்லூரியில் வரலாறு படிக்கும் பெண், ஏரிப் பாசனத்தில் நெல் போடும் விவசாயி, நான். சோழர் காலக் கல்வெட்டுகளும் ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் கால எழுத்தும் அந்தக் கோயிலில் உண்டு. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளையெல்லாம் தொகுத்த குப்புசாமி ஐயாவின் பெயரிலேயே பாகூர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் தொகுப்பு 2006-ல் வெளிவந்தது. வரலாறு படிக்கும் பெண்தான் ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், நம்ம ஊர்ல காலேஜ் இருந்துச்சாமே?"

இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூர் வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட செப்பேடு 1879-ல் இங்கே கிடைத்தது. இப்போது அது பாரிசில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து போய் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும். அதே மாதிரி புதுச்சேரி–விழுப்புரம் சாலையில் உள்ள திருபுவனையில் ராஜாதிராஜன் காலத்தில், 1048-ல், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. விழுப்புரத்துக்கு வடமேற்கே எண்ணாயிரத்தில் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமே என்று வேன் பேசினோம்.

திருபுவனையில் நான் கணக்குப் போட்டேன். ஆசிரியருக்கு இருபத்திரண்டு பிள்ளைகள்கூட இல்லை! என் வகுப்பில் ஐம்பதுக்குக் குறைந்து இருந்ததில்லை என்று பொறாமையாகச் சொன்னேன். எண்ணாயிரத்தில் அழகிய நரசிங்கப் பெருமாள் கோயில் சுவரில் அந்தப் பெண் விரலை வைத்து ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்று கூட்டிக்கொண்டிருந்தாள். வேதம், இலக்கணம், மீமாம்சை என்று என்னென்ன படித்தார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். விவசாயி அண்ணன் சுவரைப் பார்க்கவே இல்லை. வெளியே போய் நாலு பக்கமும் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "முந்நூத்தி நாப்பது பேருக்கு தெனம் சோறுன்னா எத்தினி காணி வேணும் டீச்சர்? இங்க ஏரி எங்க இருக்கு?"

தனியாகப் போயிருந்தால் எனக்கு அந்தக் கேள்வி ஆயுசுக்கும் வந்திருக்காது. கல்வெட்டு பேசுவதே பெரும்பாலும் நெல் கணக்கைத்தான். நான் பாடத்திட்டத்தை மட்டும் பொறுக்கிப் படித்திருக்கிறேன். அதற்கப்புறம் மற்றவர்கள் ஏரி தேடிப் போனார்கள், ஒரு மணி நேரம். வழியில் ஆடு மேய்த்தவரும் அண்ணனும் மதகு, கலிங்கல், தூர் வாராதது என்று பேச ஆரம்பித்து, வந்த வேலையே மறந்துபோனார்கள்.

அந்த ஒரு மணி நேரம் நான் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். பை வேனில் இருந்தது. போன் நர்ஸ் அக்காவிடம். பஸ் நேரம் பார்க்க வேண்டியதில்லை. பல வருஷம் தனியாக அலைந்தும் கிடைக்காத தனிமை, ஐந்து பேர் கூட வந்தபோதுதான் கிடைத்தது. இரண்டு பேராகப் போனாலும் இது நடக்காது. ஒருத்தர் ஒதுங்கினால் மற்றவருக்கு முகம் வாடும். ஆறு பேரில் ஒருத்தி குறைந்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

சும்மா கிடைப்பதில்லை இது. தபால்காரருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டீ வேண்டும், அதுவும் சர்க்கரை இல்லாமல். அவர் மனைவிக்கு ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் இறங்க வேண்டும். ஆளுக்கு ஆயிரம் போட்டு நர்ஸ் அக்காவிடம் கொடுத்துவிடுவோம். டோல்கேட் முதல் வேர்க்கடலை வரை நோட்டில் ஏறும், மிச்சம் பைசா சுத்தமாகத் திரும்பி வரும். கணக்கில் கறார் இல்லாத குழு இரண்டாவது பயணம் போவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து பனமலை. ராஜசிம்மன் கட்டிய கோயில், பல்லவர் கால ஓவியம் மிஞ்சியிருக்கும் இடம். செய்தி பரவி, இப்போது இன்னும் நாலு பேர் வருகிறோம் என்கிறார்கள். "பெரிய வண்டியா எடுத்துக்கலாம், தலைக்குச் செலவு குறையும்" என்று தபால்காரர் ஒரே பிடியாக நிற்கிறார். நான் கூடாது என்கிறேன். வருகிறவர்கள் வரட்டும், ஆனால் அவர்களுக்குத் தனி வண்டி, தனி நோட்டு. நர்ஸ் அக்கா இன்னும் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. பணம் அவரிடம் இருப்பதால் அவர் சொல்வதுதான் நடக்கும்.