கம்பைலரைக் கட்டிய கம்பைலர்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து கட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன எரிச்சல் ஒன்று உண்டு. பெரிய அப்கிரேடுக்குப் பிறகு 'மேக் பில்ட்வேர்ல்ட்' என்று தட்டினால், வழக்கமாக முடிகிற நேரம் தாண்டியும் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பெரும்பாலும் காரணம் கிளாங். 2014இல் வந்த 10.0 பதிப்பு முதல் இன்டெல் வகைக் கணினிகளில் ஃப்ரீபிஎஸ்டியின் கம்பைலர், அதாவது மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல், அதுதான். சி++ மொழியில் எழுதிய ராட்சதன். கணினியில் இருப்பதும் மூலநிரலில் இருப்பதும் ஒரே பதிப்பானால் இருப்பதை வைத்தே வேலை நடந்துவிடும். பதிப்பு மாறினால் பழைய கிளாங் முதலில் புதிய கிளாங்கைக் கட்டும். அந்தப் புதியது மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துத் தன்னையே மறுபடி கட்டிக்கொள்ளும். பழைய கம்பைலர் செய்துவைத்த ஆப்ஜெக்ட் கோப்புகளும் இனி செல்லாது.

இன்னொரு கம்பைலரான ஜிசிசி இன்னும் கறார். மூன்று கட்டமாகத் தன்னைக் கட்டி, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் வேலை அங்கேயே நிற்கும்.

ஒத்துப்போனால் மட்டும் நம்பிவிடலாமா? கூடாது என்று 1984இல் காட்டியவர் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன். லாகின் நிரலைக் கண்டால் அதில் கள்ளக்கதவு வைக்கவும், தன் மூலநிரலைக் கண்டால் இந்தத் தந்திரத்தையே மறுபடி நுழைக்கவும் ஒரு கம்பைலருக்குக் கற்றுக்கொடுக்கலாம். பிறகு மூலநிரலைச் சுத்தமாகத் துடைத்தாலும் கள்ளம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். ஜிசிசியின் ஒப்பீடும் இதைப் பிடிக்காது. இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

ஒவ்வொரு கம்பைலருக்கும் பின்னால் அதைக் கட்டிய இன்னொரு கம்பைலர். இப்படி ஒன்றுக்கு முன் ஒன்று எனக் காரணம் முடிவின்றிப் பின்னே போவதை நம் தர்க்க நூல்கள் 'அனவஸ்தை' என்று குற்றமாக எண்ணும். ஆனால் உடலுக்கும் கர்மத்துக்கும் வரும்போது வேதாந்திகள் பீஜாங்குர நியாயத்தைக் கொண்டுவருவார்கள்: விதையிலிருந்து முளை, முளையிலிருந்து விதை, அநாதி, ஆகவே குற்றமில்லை. கம்பைலருக்கு இந்தச் சலுகை கிடையாது. யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து முதல் விதையை இயந்திர மொழியில் எழுதியே இருக்கிறார்.

அந்த விதைக்கே திரும்பிப் போகலாம் என்று கிளம்பியவர்கள் க்னூ கீக்ஸ் (Guix) என்ற மென்பொருள் திட்டத்தின் குழுவினர். 2023இல் வெறும் 357 பைட் நிரலிலிருந்து படிப்படியாக ஜிசிசி வரை ஏறிக் காட்டினார்கள். 357 பைட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடலாம், சாதாரண சாதனையல்ல. ஆனால் அதை ஓட்ட ஒரு லினக்ஸ் கெர்னல் வேண்டும், அந்தக் கெர்னலைக் கட்டியது வேறொரு கம்பைலர்.