செவியின் கடன்

மன்னார்த்தீவின் வடமேற்கு முனையில் தலைமன்னார் இருக்கிறது. அதற்கும் தமிழகத்துத் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலின் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இவ்வளவு சிறிய நீர்ப்பரப்பைக் கடக்க மனிதனுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளில் இரு அரசுகளும் கடலின் மீது வகுத்துக்கொண்ட எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் மீனவனுக்குச் சிறை காத்திருக்கிறது. வானொலி அலைக்கோ இத்தகைய தடை எதுவுமில்லை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், மத்திய அலை ஒலிபரப்பு வறண்ட நிலத்தின் மேல் செல்வதைவிடக் கடலின் மேல் வெகுதூரம் வலுக்குன்றாமல் செல்லும். அதனாலேயே பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகளுக்குக் கொழும்பும் அயலாயிற்று. 1939ஆம் ஆண்டில் தொடங்கிய திருச்சி நிலையமும் அயலாயிற்று. அக்கரையில் இராமேசுவரத்து வீடுகளின் நிலையும் இதுவே.

இந்த அயலுறவு ஒரு கேள்வியை எழுப்புகிறது. பெட்டி வைத்திருப்பவன் அனுமதிக் கட்டணத்தைத் தன் அரசுக்குச் செலுத்தினான். கடல் கடந்து வந்த குரலுக்கு ஒரு காசும் செலுத்தவில்லை. அப்படி விலையின்றிப் பெற்ற குரலுக்கு அவன் வேறு வகையில் கடன்பட்டவனா? அந்தக் குரல் எந்த மண்ணிலிருந்து வருகிறதோ, அந்த மண்ணின் மனிதருக்கு அவன் செய்யவேண்டியது ஏதேனும் உண்டா?

பாட்டுக் கேட்பதில் அறம் எங்கே வந்தது என்று சிலர் நகைக்கக்கூடும். வள்ளுவர் நகைத்திருக்க மாட்டார். கேள்வி என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்து, அதைக் கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையில் அவர் வைத்தார். கல்லாதவன் அறிவுடையவனாக மாறுவதற்குரிய வழியில் செவி நிற்கிறது என்பதே அந்த வைப்புமுறையில் நாம் காணும் பொருள். எனவே செவிக்குப் பொறுப்பு உண்டு என்று சொல்வது தமிழ் மரபுக்குப் புதியதன்று. செவிக்குள் வரும் குரலுக்குரியவனை நேரில் காணாமலே கேட்கும் நிலையைத்தான் வானொலி புதிதாகக் கொண்டுவந்தது.

இலங்கை வானொலியின் கதையைச் சற்றே நினைவுகூர்வோம். கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமை, தன் படைவீரருக்காக வலுமிக்க சிற்றலை ஒலிபரப்பு நிலையம் ஒன்றைக் கொழும்பில் அமைத்தது. போர் முடிந்த பின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949ஆம் ஆண்டில் 'ரேடியோ சிலோன்' என்ற பெயரில் இயங்கலாயிற்று. போருக்கென்று ஆக்கப்பட்ட கருவி பாட்டுக்குப் பயன்பட்டது நல்லதொரு மாற்றமே.

அந்த மாற்றத்துக்கு இந்திய அரசும் அறியாமலே துணைபுரிந்தது. 1952ஆம் ஆண்டில் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அவற்றுக்கு அகில இந்திய வானொலியில் இடமில்லாமற் செய்தார். மக்கள் ஊர்வலம் போகவில்லை. மனு எழுதிக் குவிக்கவுமில்லை. பெட்டியின் திருகைச் சற்றே திருப்பிக் கொழும்புக்குப் போனார்கள். 1957ஆம் ஆண்டு அக்டோபரில் 'விவித பாரதி' தொடங்கப்பட்டு, திரைப்பாடல் இந்திய வானொலிக்குத் திரும்பிவந்தது. நாளெல்லாம் உழைத்துக் களைத்தவன் மாலையில் எதைக் கேட்கலாம் என்று கற்றோர் சிலர் கூடித் தீர்மானிக்கும் அதிகாரத்தை நாம் ஏற்பதற்கில்லை. எனவே அந்தக் கேட்போரின் பக்கமே நாம் நிற்கிறோம். பாட்டை நாடியது குற்றமன்று. பாட்டோடு நின்றுவிட்டார்களா என்பதே நம் கேள்வி.

எஸ். பி. மயில்வாகனனின் குரலைத் தமிழகம் தன் வீட்டுக் குரலாகவே கொண்டாடியது. பின்னாளில் பி. எச். அப்துல் ஹமீத் அதே அன்பைப் பெற்றார். 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கும் காலையில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் பாட்டு அறுபடாமல் கேட்கும் என்று அக்காலத்தவர் இன்றும் சொல்வதுண்டு. வீட்டுக்கு ஒரு பெட்டி என்ற நிலை அன்று இல்லை. பெட்டி உள்ள வீட்டின் திண்ணை ஊருக்குப் பொதுவாக இருந்தது. இவ்வளவும் இனிய நினைவுகளே.

ஆனால் இந்த இனிமைக்கு விலை கொடுத்தவர் யார்? வர்த்தக ஒலிபரப்பின் கணக்கில், கேட்பவனே விற்பனைச் சரக்கு; அவனுடைய செவியை வாங்கியவர் விளம்பரதாரர். அரசுக்கு அது வருவாய் தந்தது. தேன்தமிழ் என்று அக்கரை போற்றிய ஒலிபரப்பை நடத்திய அதே அரசு, 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றியது. வானில் தமிழுக்கு இடமிருந்தது. கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் அதன் இடம் சுருங்கிற்று. அறிவிப்பாளரின் உச்சரிப்பில் மயங்கிய செவி, அந்த மொழியைப் பேசியவரின் உரிமையைப் பற்றி எவ்வளவு கேட்டது?

இதைவிடக் கொடிய முரண்பாட்டைத் தலைமன்னார் துறைமுகம் கண்டது. மலையகத்துத் தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கீடு செய்யப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எந்த நாடு வேண்டும் என்று அந்த மக்களை முதலில் எவரும் கேட்கவில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தமையால், பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. தட்டுமுட்டுச் சாமான்களைத் தகரப் பெட்டியில் அடைத்துக்கொண்டு, பிறந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தவாறு குடும்பம் குடும்பமாக அவர்கள் கப்பலேறினார்கள்.

அவர்கள் கடந்த கடலுக்கு மேலேதான் பாட்டும் போய்க்கொண்டிருந்தது. கொழும்பின் குரலை வாரி அணைத்துக்கொண்ட தமிழகத்தில், கொழும்பு தள்ளிவிட்ட மனிதருக்கு 'சிலோன்காரர்' என்ற பெயர் காத்திருந்தது. வேலைக்கும் குடிசைக்கும் அவர்கள் பட்ட பாடு நீலகிரி மலைச்சரிவுகள் அறியும். குரல் உறவாயிற்று, குரலோடு வந்த மனிதர் அந்நியராயினர். செவியின் கடன் தீர்க்கப்படாமற் போனது என்று நாம் கூறுவது இதைத்தான்.

ஒலிபரப்பாத செய்தியைக் கேட்கவில்லை என்று கேட்போரைக் குறைகூறலாமா என்ற மறுப்பு நியாயமானதே. அரசு நிலையம் தனக்கு உகந்ததையே சொல்லும். நிலையத்தின் மௌனத்துக்குக் கேட்பவன் பொறுப்பாளியல்லன். ஆயினும், 'இந்த ஒலிவாங்கியின் முன் யார் நிற்கவில்லை?' என்று கேட்டுப்பார்ப்பது அவனுக்கு இயலாத காரியமன்று. பாட்டின் இனிமை, அந்த நாட்டைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்ற நிறைவைத் தந்து, இக்கேள்வியை உறங்கச் செய்கிறது. அந்த நிறைவே ஆபத்தானது.

கேட்பது எத்துணைப் பெரிய செயல் என்பதைப் போர்க்காலம் உணர்த்திற்று. 1990களில் மன்னாரின் பெருநிலப்பரப்பு, வன்னி, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் மின்சாரம் இல்லை. மின்கலம், அரசு தடைசெய்த பொருள்களின் பட்டியலில் இருந்தது. மக்கள் மிதிவண்டியை நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து கம்பியிழுத்து வானொலியை இயக்கினார்கள். ஒருவர் மிதிக்க, சுற்றி நின்றவர்கள் இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையைக் கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் குரலும் ஓய்ந்துபோகும்; இன்னொருவர் ஏறி மிதிப்பார். கேட்டவர் வராதவருக்குப் போய்ச் சொல்வார். அந்த நாள்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவரின் கால்வலி விலையாக இருந்தது. அப்படிப் பெற்ற செய்தியை அலட்சியமாக விட்டுவிட எவருக்கும் மனம் வராது.

அந்தக் காலத்திலும் செவி எல்லோருக்கும் திறந்திருந்ததா? 1990ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அக்கட்டளை ஒலிபெருக்கி வழியாகவே அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 முதல் 75,000 பேர் வரை வேரோடு பிடுங்கப்பட்டனர். மன்னார்த்தீவின் முஸ்லிம் மக்களிற் பலர் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்து முகாம்களில் அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். ஒரே திண்ணையில் ஒரே பாட்டைக் கேட்டிருந்த அயலார் இவர்கள். அப்துல் ஹமீதின் தமிழைத் தம் தமிழென்று பெருமை பேசிய சமூகம், அதே தமிழைப் பேசிய எருக்கலம்பிட்டி மக்களுக்காக உரத்துப் பேசவில்லை. துப்பாக்கியின் முன் ஊர் மௌனமானதை நாம் விளங்கிக்கொள்ள முடியும். துப்பாக்கி எட்டாத நகரங்களில் நிலவிய மௌனத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. செய்தி அவர்களுக்குக் கிட்டியிருந்தது. அறியாமை என்ற புகலிடம் இல்லை. தன்னவர் பட்ட துயரை மட்டும் பிடித்து, தன்னவர் இழைத்ததை விட்டுவிடும் செவி, பழுதுற்ற பெட்டியை ஒத்தது.

இன்று காலம் மாறிவிட்டது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 1941இல் தொடங்கி 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் நின்றது. வால்வுப் பெட்டியின் இடத்தில், சுவரோரம் இரு பெரிய ஒலிபெருக்கிகளோடு கூடிய இசைக்கருவிகள் வந்தன. அவற்றையும் தள்ளிவிட்டுக் கைப்பேசி செவிக்குள்ளேயே நுழைந்துவிட்டது. திண்ணையில் பலர் கூடிக் கேட்டது போய், ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும் வசதி வந்திருக்கிறது. ஒலியின் தெளிவு கூடியதில் ஐயமில்லை. பிடிக்காத குரல் தற்செயலாகச் செவியில் விழும் வாய்ப்பு குறைந்துவிட்டது என்பதும் உண்மை. பழைய பெட்டியில் ஒரு நிலையத்தைத் தேடும்போது வேண்டாத நாலு நிலையங்களைக் கடந்தே ஆக வேண்டும். அந்தக் கரகரப்பினூடே அயலானின் சொல்லும் இரண்டொன்று காதில் விழுந்தது.

அயலானின் சொல் இன்று மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் மிகமிகத் தேவைப்படுகிறது. தமிழகத்து இழுவைப்படகுகள் எல்லை தாண்டி வந்து கடலடியை வாரிச் செல்வதால், பேசாலை மீனவரின் வலைகள் அறுந்து போகின்றன, மீன்வளம் அழிகிறது. அடிமட்ட இழுவை மீன்பிடியை இலங்கை 2017ஆம் ஆண்டில் சட்டத்தால் தடைசெய்தது. மறுபுறம், இராமேசுவரத்துப் படகில் கூலிக்குப் போனவர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையில் வாட, அவர் குடும்பம் கரையில் பட்டினி கிடக்கிறது. படகின் முதலாளி சிறைக்குப் போவதில்லை. அக்கரைச் செய்தி பெரும்பாலும் கைதைச் சொல்லும்; இக்கரைச் செய்தி பெரும்பாலும் அறுந்த வலையைச் சொல்லும். ஒரே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஒரே கடலில் இறங்கும் இரு ஏழைகள், ஒருவரையொருவர் கள்வர் என்று நம்பவைக்கப்படுகிறார்கள்.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1932ஆம் ஆண்டிலேயே வானொலியின் குறையைச் சுட்டினார்: அது கேட்பவனைக் கேட்பவனாகவே வைத்திருக்கிறது, அவனைப் பேசவும் வைத்தால்தான் அக்கருவி முழுமையடையும் என்றார். பாம்பனில் மீனவருக்காக 2016ஆம் ஆண்டில் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி, அத்திசையில் வைத்த சிறிய, ஆனால் மெய்யான அடி. கடலின் நிலையையும் காற்றின் போக்கையும் கடலோரத்து மக்களின் குரலிலேயே அது சொல்கிறது. அத்தகைய ஒலிவாங்கி ஒன்றின் முன் பேசாலையின் மீனவனும் இராமேசுவரத்துப் படகின் கூலியாளும் எதிரெதிரே அமர்ந்து பேசினால், இரு அரசுகளின் அறிக்கைகளும் மறைத்த உண்மைகள் பல வெளிவரும்.

அந்த நாள் வரும்வரை கேட்பவன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அயற்கரையின் பாட்டைத் தேடிச் சென்ற அதே விரல்கள் அயற்கரையின் செய்தியையும் தேடலாம். கேட்டதைத் தன் கரையில் எடுத்துச் சொல்லலாம். தன் கரையின் தவறாயினும் மறைக்காமற் சொல்லலாம். இராமேசுவரத்துக் கேட்போர் அறுந்த வலையைப் பற்றித் தம் ஊரிற் பேசட்டும். மன்னார்க் கேட்போர் சிறைப்பட்ட கூலியாளைப் பற்றியும், இன்னும் முழுமையாகத் திரும்பி வந்து குடியேற முடியாதிருக்கும் முஸ்லிம் அயலாரைப் பற்றியும் தம் ஊரிற் பேசட்டும். விலையின்றிப் பெற்ற குரலுக்கு நாம் செலுத்தக்கூடிய விலை இதுவே.